இடது பக்க ஸ்பீக்கர்

எங்கள் வீட்டில் கரண்ட் வேலை எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. மிக்ஸி நின்றுபோனால் பண்ருட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். டியூப் லைட் மினுக்கினால் எதிர் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் ஊருக்குப் போயிருக்கும்போது அவருக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள எழுந்தாலும் அண்ணி, “நீ உக்காரு தம்பி, காபி போட்டுத் தரேன்” என்பார். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறியவன் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குப் புரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, நான் ஒரு காருக்கு ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டினேன். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நானும் சிரித்துக்கொண்டே கேட்பேன். ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் ஓர் இடம் விடுபட்டிருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கார் அண்ணனுடையது. அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். எங்கள் நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போய், கம்பெனி நகரியத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு மனை கிடைத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் கான்ட்ராக்டில் சேர்ந்தார். கரி ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்துவதை வாரிப் போடுகிற வேலை. பன்னிரண்டு வருஷம் வாரினார். அந்தப் பணத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். பெல்ட் ஓடும் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, கையால்தான் ஜாடை காட்டிக்கொள்வார்கள். காதில் செருகிக்கொள்ளக் கொடுத்ததை அண்ணன் சட்டைப் பையில் வைத்திருப்பார். கேட்டால், அதை மாட்டினால் பெல்ட் கிளம்புவதற்கு முன் அடிக்கும் ஹாரன் கேட்காது என்பார்.

கார் முதலில் நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அதிகாரியுடையது. ஓய்வு நாட்களில் அவர் குடும்பத்துக்கு அண்ணன் டிரைவராகப் போவார். அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகும்போது, “நீதான் இதை ஒழுங்கா வச்சிருந்த, நீயே வச்சுக்க” என்று சொல்லி, அண்ணன் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய வெள்ளைக் கார். அதில் ஒரு ரேடியோவும் நான்கு கதவுகளில் நான்கு சின்ன ஸ்பீக்கர்களும் இருந்தன. அதிகாரி செய்தி மட்டும் கேட்பவர் போலிருக்கிறது. ஸ்பீக்கர்கள் நான்கும் கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டாமலே வைத்த புடவை மாதிரி புதிதாக இருந்தன.

அந்த வருஷம்தான் அண்ணனுக்குப் பர்மனென்ட் வந்தது. வந்தது என்றால் முழுதாக வரவில்லை. பன்னிரண்டு பேர் பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது, மெடிக்கல் மட்டும் பாக்கி. வெளியூர்க்காரர்களுக்கு இது என்னவென்று தெரியாது. எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் நல்லவனா கெட்டவனா என்பதற்கு முன்னால் பர்மனென்டா கான்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அதிலேயே அடக்கம். அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார், நான்காவது மாசம்.

மெடிக்கல் வியாழக்கிழமை. அதற்கான கடிதம் இங்கிலீஷில் வந்தது. படிக்கத் தெரிந்த ஆள் நான் என்பதால் நடுக்கூடத்தில் நின்று சத்தமாகப் படித்து, வரிக்கு வரி விளக்கினேன். ஒரு வரியில், காதுப் பரிசோதனை இருப்பதால் அதற்கு முந்தைய நாள் முழுவதும் அதிகச் சத்தத்தைத் தவிர்க்க வேண்டும் என்று இருந்தது.

“அப்படின்னா என்னாடா?” என்று அண்ணன் கேட்டார்.

“மைன்ஸ் போகாதன்னு அர்த்தம்ணே. ரெண்டு நாள் லீவு போட்டுடு” என்றேன்.

வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் சத்தம் என்றால் மைன்ஸ். கோயில் ஒலிபெருக்கி, கல்யாண மேளம், அரசியல் கூட்டம் எதுவும் எங்கள் கணக்கில் சத்தம் இல்லை. அவையெல்லாம் விசேஷம். அண்ணன் செவ்வாயும் புதனும் லீவு சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் அவர் போட்ட முதல் லீவு அதுதான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அண்ணன் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். காரை மூன்று தடவை கழுவினார். “காதுக்கு லீவு வுட்டிருக்கேன்” என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் நிலைமையைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கார் சும்மா நிற்கிறது, அண்ணனும் சும்மா இருக்கிறார், நானும் (மூன்று மாதமாகவே) சும்மா இருக்கிறேன். பர்மனென்ட் ஆனதும் அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் ஒரு டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ வாங்கி வைத்திருந்தேன். அதை மறுநாளே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஸ்டீரியோவோடு நிறுத்தியிருக்கலாம். மைக்செட் வைத்திருந்த என் நண்பனிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் கிடந்தது. வெளியே அலுமினியப் பட்டைகள் வரிசையாக வைத்து, இட்லிக் குண்டான் கனம். அவன் கொடுக்கும்போதே சொன்னான். காரோடு வந்த ஸ்பீக்கர் தாள் மாதிரிதான் இருக்கும், இந்த ஆம்ப்பைத் தாங்காது, கிழிந்துவிடும், ஸ்பீக்கரை மாற்றிவிட்டு மாட்டு என்றான். அவன் எட்டாவதோடு நின்றவன். நான் டிப்ளமோ. புன்னகை செய்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். டேஷ்போர்டைக் கழற்றியதும் பழைய ரேடியோவின் பின்னாலிருந்து பதினான்கு ஒயர்கள் வெளியே வந்தன. கிளிப்புகளை இழுக்கும்போது இரண்டு உடைந்தன. (கார்களில் அந்தப் பிளாஸ்டிக் கொக்கிகள் உடைவதற்காகவே இருக்கின்றன என்று அப்போது அண்ணனிடம் விளக்கினேன்.) ஆம்ப்பை முன்பக்கம் இடது சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர் இழுத்தேன். நடுவில் ஃப்யூஸ் போடவில்லை.

அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “டேய் சீனு, பேட்டரிய கழட்டிட்டியா?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன்.

“எங்க மைன்ஸுல எல்.சி. வாங்காம ஒருத்தன் ஒயரத் தொட மாட்டான்டா. சப்ளைய நிறுத்தி, போர்டு மாட்டி, கையெழுத்து வாங்கிகினுதான் கிட்டயே போவான்.”

“அது பதினோராயிரம் வோல்ட்டுண்ணே. இது பன்னெண்டு” என்றேன். மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்குப் பாடம் நடத்துகிற பெருமை என் குரலில் இருந்தது. எனக்கு அது இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆம்ப்புக்கு இன்னொரு மெல்லிய ஒயர் உண்டு. அதை ஸ்டீரியோவிலிருந்து வருகிற நீல ஒயரோடு சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் ஸ்டீரியோவை நிறுத்தும்போது ஆம்ப்பும் நின்றுவிடும். பதினான்கு ஒயரில் நீலம் மூன்று இருந்தது. எது என்று தெரியாமல், அதையும் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டேன். அதாவது, ஸ்டீரியோவை நிறுத்தினாலும், சாவியை உருவினாலும், காரை விற்றாலும் ஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முதல் பாட்டு வந்தது. வலது பக்கம் மட்டும். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. இடது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி ஸ்பீக்கரைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அட்டையோடு கதவைத் திறக்கும் கைப்பிடியும் வந்துவிட்டது. அதைப் பின் சீட்டில் போட்டேன். டச் ஸ்கிரீனில் வலது பக்கத்தை அணைத்துவிட்டு, சத்தம் போதவில்லையோ என்று வால்யூமை முழுதாக வைத்தேன். ஆம்ப்பிலும் இருந்த திருகை முழுதாகத் திருகினேன். அப்போதும் இடது பக்கம் ஊமை. ஸ்டீரியோவின் பின்னால் செருகிய ஒயர்களைப் பார்க்கலாம் என்று, ஓட்டுநர் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய், தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, மல்லாந்து படுத்தேன். என் கால்கள் இரண்டும் தெருவில் இருந்தன.

“ண்ணே, நீ அந்தப் பக்கம் உக்காந்து ஸ்பீக்கருகிட்ட காத வச்சுப் பாரு. லேசா எதனா வருதான்னு சொல்லு” என்றேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். குனிந்து, இடது காதைக் கதவில் இருந்த ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தார். “ஒண்ணும் வரலடா” என்றார்.

நான் பாதி செருகியிருந்த ஒரு பின்னைத் தொட்டேன்.

வந்தது பாட்டு இல்லை. ஆயிரம் மாடுகளை ஒரே நேரத்தில் வாலைப் பிடித்து முறுக்கியது போல ஒரு சத்தம். நான் பதறி ஸ்டீரியோவின் பின்னால் இருந்த மொத்தக் கொத்தையும் பிடுங்கினேன். சத்தம் அதிகமானது. சாவியை உருவினேன். சத்தம் அப்படியே இருந்தது. அண்ணன் கதவைத் திறக்கக் கை வைத்த இடத்தில் கைப்பிடி இல்லை. என் பக்கமாக வர முயன்றார். அங்கே நான் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் என் வயிற்றில் முட்டி போட்டார், நான் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டேன். தெருவில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களை அண்ணி ஓடிவந்து பிடித்து இழுத்தார். என்னை வெளியே போட்ட பிறகும் பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பானர் எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குள் ஸ்பீக்கரே முடித்துக்கொண்டது. நண்பன் சொன்னபடி கிழிந்தது. ஒரு வாடை, கொஞ்சம் புகை, பிறகு அமைதி. ஒரு நிமிஷம் இருக்கும். அண்ணியின் கதையில் இப்போது அது கால் மணி நேரம்.

அண்ணன் ஓட்டுநர் சீட் வழியாக வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டார். திட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஏதோ கேட்டதற்கு, “என்னா?” என்றார். மறுபடி கேட்டேன். “காதுல சில்வண்டு கத்திகினே இருக்குதுடா” என்றார்.

“தூங்கினா சரியாயிடும்ணே” என்றேன். அண்ணி தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வந்ததைத் தடுத்தேன். அந்த நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். சில்வண்டு மறுநாள் காலையிலும் கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அதை வழியில் என்னிடம் மட்டும் சொன்னார். அண்ணியிடம் சொல்லவில்லை.

மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். ஃபாரம் இங்கிலீஷில் இருக்கும் என்பதால் பூர்த்தி செய்ய என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் அம்மா பொறுமையானவர். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டார், அண்ணன் பதில் சொன்னார், நான் பேனாவால் கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். காதில் சீழ் வந்திருக்கிறதா? இல்லை. ஆபரேஷன் செய்திருக்கிறதா? இல்லை.

“நேத்து, முந்தாநேத்து ஏதாவது பெரிய சத்தத்துல இருந்தீங்களா?”

“இல்லைங்கம்மா” என்றார் அண்ணன் உடனே. “ரெண்டு நாளா லீவுங்க. மைன்ஸ் பக்கமே போவலைங்க.”

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்டது சத்தத்தைப் பற்றி. சத்தம் என்றால் மைன்ஸ் என்று நடுக்கூடத்தில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இரண்டு நாள் மைன்ஸிலிருந்து காத்த காதை அவர் பெருமையோடு டாக்டர் முன்னால் வைத்திருந்தார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் போதும். அம்மா, நேற்று நான் கார் ஸ்டீரியோ மாட்டினேன், அண்ணன் காதில் அலறிவிட்டது என்று சொன்னால் போதும். வெளியே பெஞ்சில் பட்டியலின் மற்ற பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குத் தள்ளிப்போனால் பெயரே போய்விடுமோ என்று பயந்தேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, டிப்ளமோ படித்தவன் இதை எப்படிச் சொல்வது என்ற வெட்கம். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அடித்த பிறகு அந்தக் கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். ‘ஆம்’ என்றால் இரண்டு நாள் கழித்துப் பரிசோதிக்கவும் என்று இருந்தது. இரண்டே நாள். அப்போதும் சொல்லவில்லை.

கண்ணாடி வைத்த சின்ன அறையில் அண்ணனை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். கூ என்று மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியிலிருந்து பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். வலது காதுக்கு விரல் எழுந்தது, மறுபடி எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. பிறகு இடது காது. பரிசோதனை செய்த பெண் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. விரல் எழவில்லை. திருகைக் கூட்டினார். எழவில்லை. அவர் எதையும் அழுத்தாதபோது ஒரு தடவை அண்ணன் விரல் எழுந்தது. சில்வண்டுக்கு எழுந்திருக்கும். அந்தப் பெண் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தற்காலிகமாகத் தகுதி இல்லை என்று எழுதினார்கள். மறுபரிசோதனை, அதற்கு மேல் ஒரு பரிசோதனை, காகிதம் இங்கே போய் அங்கே வந்து எட்டு மாசம் ஆனது. பதினொரு பேரும் சேர்ந்தார்கள். சேர்ந்த அன்றைக்கு எடுத்த போட்டோவை அண்ணனின் போனுக்கும் அனுப்பினார்கள். அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் பெல்ட்டுக்குக் கிளம்பிப் போனார். குழந்தை அந்த எட்டு மாசத்துக்குள் பிறந்தது.

கடைசியில் தேறினார். வலது காது சுத்தம். இடது காதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது, மெல்லிய குரல்களும் உச்ச ஸ்தாயியும் வரவில்லை. அதே டாக்டர் அம்மா, இது பெல்ட்டடியில் வருஷக்கணக்காக இருந்ததில் வருவது, அதற்கு மேல் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது என்றார். எவ்வளவு பெல்ட், எவ்வளவு நான் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணனை ஸ்டோர்ஸில் போட்டார்கள். சத்தம் இல்லாத இடம். ஆனால் சீனியாரிட்டியில் அவரோடு பட்டியலில் இருந்த பதினொரு பேரும் அவருக்கு மேலே. அதில் மூன்று பேர் அவரிடம் மண்வெட்டி பிடிக்கப் பழகிய பையன்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததிலும் அண்ணன்தான் கடைசி.

இப்போது அது வீட்டில் கதையாகிவிட்டது. யார் வந்தாலும் அண்ணி ஆரம்பித்துவிடுவார். “தம்பி காலப் புடிச்சு இழுக்குறேன், உள்ள இவரு கன்னுக்குட்டி மாரி மோதிகினு இருக்காரு, நான் யாரக் காப்பாத்துறது?” என்பார். கேட்பவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்த ஆம்ப் வீணாகவில்லை, குவார்ட்டர்ஸ் சமையலறையில் அரிசி மூட்டை ஈரத்தில் படாமல் இருக்க அடியில் கிடக்கிறது. வீட்டில் யாரும் யாருக்கும் “சரி” என்று பதில் சொல்வதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அண்ணன் மகள் ஒரு விரலைத் தூக்குவாள். அண்ணனும் தூக்குவார். நான் போனில் என் வேலையைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொன்னால், வீடியோவில் மூன்று விரல்கள் வரிசையாக எழும்.

அந்த டிக் பற்றி யாருக்கும் தெரியாது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன், காடாம்புலியூருக்குப் போய்ப் பலாப்பழம் வாங்கி வரலாம் என்றார். அதே கார். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் எனக்கு என்னவோ தோன்றியது. சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும், என் கையால்தான் டிக் அடித்தேன், இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தால் உனக்கு எட்டு மாசம் போயிருக்காது என்று எல்லாவற்றையும் மெதுவாக, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். முடித்துவிட்டு அவர் ஸ்டியரிங் மேல் வைத்திருந்த கையைப் பார்த்தேன்.

விரல் எழவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், “பலா வாசன இங்கியே வருது பாரு” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய இடது காதுப் பக்கம்தான் உட்கார வேண்டும். அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். அண்ணன் இப்போது தமிழில் எது கிடைத்தாலும் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிக்கிறார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், மெடிக்கலில் கண்ணுக்கு முதல் தடவையே பாஸ். படித்து முடித்ததும், ண்ணே, ஒரு விரலைத் தூக்கு.